இன்சுலின் "எதிர்ப்பு" வேண்டாம், "கேளாமை" என்போமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இழை நீண்டுகொண்டே போகிறது; ஆங்கிலத்தில் insulin resistance என்பதற்கு, அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பில் அதன் வேலை சரியாக நடக்காத நிலைக்கு, தமிழ்ச் சொல் மட்டும் கிடைத்தபாடில்லை. இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருமுறை எடுத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தைச் சொல்கிறேன்.

> "இன்சுலின் எதிர்ப்பு" என்றே இருக்கட்டும். பத்திரிகைகளில் வந்து பழகிவிட்டது. (சென்னை)

> பௌதிகவியலில் தடை என்கிறோம். இதற்கும் "இன்சுலின் தடை" போதும். (யாழ்ப்பாணம்)

> கலம் இன்சுலினை ஏற்பதில்லை. ஆகவே "இன்சுலின் ஏற்பின்மை". (மட்டக்களப்பு)

> "இன்சுலின் மரப்பு". உணர்வற்று மரத்துப்போவதுதானே நடக்கிறது? (டொரன்டோ)

நான்கிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்காக மும்மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம் தயாராகிறது; அதன் தமிழ்ப் பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து, இரத்தம் கொடுத்து, வரிசையில் நின்று களைத்துப்போன ஒருவர் வாசித்தவுடன் விளங்க வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான்.

முதலில் "எதிர்ப்பு". கொஞ்ச நாளைக்கு முன்னர் ஓர் அம்மா வைத்தியரின் துண்டையும் எங்கோ கிடைத்த ஒரு பழைய பிரசுரத்தையும் கவுண்டரில் வைத்தார். பிரசுரத்தில் ஒரு வரியின் கீழ் நீலப் பேனையால் கோடு கீறியிருந்தார்: "உங்கள் உடலில் இன்சுலின் எதிர்ப்பு அதிகரித்துள்ளது." கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, எதிர்ப்புச் சக்தி கூடியிருக்கெண்டுதானே போட்டிருக்கு? நல்ல விசயம்தானே. பிறகேன் இந்தக் குளிசை?" பையில் இருந்தது மெட்போமின், நீரிழிவுக் குளிசை. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. கொரோனாக் காலம் முழுக்க வானொலியும் தொலைக்காட்சியும் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்" என்றுதானே நமக்குச் சொல்லிக் கொத்தமல்லி அவிக்கவைத்தன. தமிழில் உடம்போடு சேர்ந்து வரும் "எதிர்ப்பு" எப்போதும் நல்ல பிள்ளை. அதை ஒரு வருத்தத்தின் பெயராக வைத்தால் வாசிப்பவர் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உண்மையிலேயே இன்சுலினை எதிர்க்கிற ஒரு பொருள் உடலில் உருவாகலாம். மாட்டிலும் பன்றியிலும் இருந்து எடுத்த இன்சுலினை ஏற்றிய காலத்தில் அதற்கு எதிராகப் பலருடைய குருதியில் பிறபொருளெதிரிகள் தோன்றின. அதற்கு "இன்சுலின் எதிர்ப்பு" என்று பெயர் வைத்தால் பொருத்தம். அதேபோல மருந்துக்கு மசியாத பக்டீரியாக்களைப் பற்றிப் பேசும்போதும் எதிர்ப்பு சரி, அவை எதிர்த்துத்தான் நிற்கின்றன. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாக இருக்கலாம். நாமும் ஒரே சொல்லால் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? சிங்களப் பகுதி எழுதுகிறவர் "பிரதிரோதய" என்று போட்டிருக்கிறார். மின்தடைக்கும் அவர்களுக்கு அதே சொல்தான். மூன்று நிரல் பக்கம் பக்கமாக வரும்போது தமிழும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்ற இழுப்பு இருக்கத்தான் செய்யும். அந்த இழுப்பில்தான் "எதிர்ப்பு" வந்து புகுந்தது என்பது என் ஊகம்.

"தடை" பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த ஊர் இது. "இன்சுலின் தடை" என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டால், இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள் என்று மறுநாள் காலை காலி வீதி முழுக்கப் பாமசி வாசலில் சனம் நிற்கும்.

"ஏற்பின்மை" இவற்றைவிட நல்ல சொல். ஆனால் அது சொல்லும் செய்தி சரியில்லை. இங்கேதான் ஓமோன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். (ஓமோனா, ஹார்மோனா, இயக்குநீரா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இந்த இழையில் கிளப்ப வேண்டாம். நம் பாடநூலில் ஓமோன். நான் அதையே எழுதுகிறேன். தமிழக நண்பர்கள் சதையி என்று வரும் இடத்தில் கணையம் என்றும், கலம் என்று வரும் இடத்தில் செல் என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.)

சுரப்பி ஒன்று தன் சரக்கைக் குழாய் எதுவும் இல்லாமல் நேரே குருதியில் விடுகிறது. குருதி அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோகிறது. எல்லாக் கலத்தின் பக்கத்தாலும் அது போகும். ஆனால் அதற்குரிய வாங்கி (அந்த ஓமோன் வந்து பிணையும் புரதம்) எந்தக் கலத்தில் இருக்கிறதோ அந்தக் கலத்தில் மட்டும் வேலை நடக்கும். இன்சுலின் புரதம், கலமென்சவ்வைக் கடந்து உள்ளே போகாது. வெளிப்புறத்தில் இருக்கும் வாங்கியில் பிணைந்து நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே ஒரு செய்தி கைமாறிக் கைமாறிப் போகிறது: ஒரு புரதம் அடுத்ததில் பொசுபேற்றை ஏற்ற, அது அடுத்ததைத் தட்டியெழுப்ப, கடைசியில் தசைக் கலத்தின் உள்ளே பொதிந்து கிடக்கும் குளுட்-4 என்ற காவிப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை உள்ளே எடுக்கின்றன. ஈரலில் வேறு கதை: இன்சுலின் வந்தால் ஈரல் தான் குருதியில் விடும் குளுக்கோசைக் குறைக்க வேண்டும்.

இந்த வருத்தத்தில் பெரும்பாலும் கெடுவது வாங்கிக்கு அப்பால், உள்ளே நடக்கும் கைமாற்றம். இன்சுலின் வருகிறது, வாங்கியில் பிணைகிறது, கலம் அதை "ஏற்கத்தான்" செய்கிறது. சொன்ன வேலை மட்டும் நடப்பதில்லை. "ஏற்பின்மை" என்றால் பழுது வாசலில் என்று ஆகிவிடும். வாங்கியே பழுதான அரிய பரம்பரை நோய்கள் உண்டு. அந்தச் சொல்லை அவற்றுக்கு ஒதுக்கி வைக்கலாம். பிரசுரங்களில் வழக்கமாக வரும் பூட்டும் சாவியும் படத்தையும் இதே காரணத்தால் நான் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பூட்டு ஒன்றில் திறக்கும், இல்லையென்றால் திறக்காது. இதுவோ ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவது.

"மரப்பு" எனக்கு முதல் பார்வையில் பிடித்தது. வரலாறும் அதன் பக்கம்தான். ஹரோல்ட் ஹிம்ஸ்வர்த் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1936இல் நீரிழிவுக்காரர்களுக்குக் குளுக்கோசையும் இன்சுலினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சீனி ஏறவில்லை, இன்சுலின் தன் வேலையைச் செய்தது. சிலருக்கு இன்சுலின் போட்டும் சீனி ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது கூட்டத்தை அவர் இன்சுலினை உணராதவர்கள் என்றுதான் வகைப்படுத்தினார். குருதியில் உள்ள இன்சுலினை அளக்கும் வழியை யாலோவும் பேர்சனும் 1960 அளவில் கண்டுபிடித்த பின்னர்தான், வயது வந்தபின் நீரிழிவு வந்த பலருடைய குருதியில் இன்சுலின் குறையவில்லை, தாராளமாகவே ஓடுகிறது என்பது கண்ணால் கண்டதுபோல் தெரிந்தது. (யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது, பேர்சன் அதற்கு முன்னரே இறந்துவிட்டார்.) ஆக, "உணராமை", "மரப்பு" இரண்டும் மருத்துவப்படி சரி. ஆனால் நம்முடைய வாசகர் யார்? நீரிழிவுக்காரர். அவருக்கு ஏற்கனவே கால் மரத்துப்போயிருக்கிறது, செருப்புக் கழன்றது தெரியாமல் நடக்கிறார். அவரிடம் போய் "மரப்பு" என்றால் காலைத்தான் நினைப்பார். ஒரே பக்கத்தில் மேலே இன்சுலின் மரப்பு, கீழே கால் மரப்பு என்று எழுத எனக்குக் கை வராது.

சரி, என் பரிந்துரை. இருமல் விடாமல் இருக்கிறவர் வந்து நம்மிடம் என்ன சொல்வார்? "எத்தனையோ மருந்து எடுத்திட்டன், ஒண்டுக்கும் கேக்குதில்லை." காய்ச்சல் குளிசைக்குக் கேட்கவில்லை, வாய்வு கைமருந்துக்குக் கேட்கவில்லை, பிள்ளை அடிக்கும் கேட்கவில்லை. நான்காம் வேற்றுமையோடு வரும் இந்தக் "கேட்டல்" காதால் கேட்பது இல்லை. வந்த ஒன்றுக்கு உரிய விளைவு நடக்காமல் போவதைச் சொல்கிறது. பழுது எந்த இடத்தில் என்றும் அது சொல்வதில்லை, வாசலிலா உள்ளேயா என்ற வழக்கு எழாது. ஆகவே:

இன்சுலினுக்குக் கேளாமை.

"உங்கள் தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கேட்பதில்லை" என்று எழுதினால் அந்த அம்மா கோடு கீறியிருக்க மாட்டார்.

இந்தச் சொல் மற்ற ஓமோன்களுக்கும் தாங்குமா என்று பார்த்தேன். அகஞ்சுரக்கும் தொகுதியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒன்றில் ஓமோன் குறைவதால் வருகின்றன, அல்லது மிஞ்சுவதால். குறைந்தால்: சதையியில் இன்சுலின் சுரக்கும் பீற்றாக் கலங்களை உடலே அழித்துவிட முதலாம் வகை நீரிழிவு, தைரொயிட் சோர்ந்தால் உடம்பு கனத்து, குளிர் தாங்காமல், மலச்சிக்கலோடு, எந்நேரமும் தூக்கம். மிஞ்சினால்: அதே தைரொயிட் கூடிப்போய் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கி, சாப்பிடச் சாப்பிட மெலிவது; கோட்டிசோல் கூடி முகம் வட்டமாக ஊதிப்போவது. மூன்றாவது வகைதான் ஓமோன் இருந்தும் வேலை நடக்காதது. இதை முதன்முதல் தெளிவாகப் பிடித்தவர் அமெரிக்க வைத்தியர் புல்லர் ஆல்பிரைட். 1942இல் அவர் விவரித்த நோயாளிகளுக்குப் பராதைரொயிட் ஓமோன் இல்லாதவர்கள்போல் கல்சியம் குறைந்திருந்தது. அந்தச் சுரப்பியின் சாற்றை ஏற்றியும் பலனில்லை. சுரப்பியில் ஒன்றும் குறையில்லை, சிறுநீரகம் கேட்கவில்லை. 1967இல் தைரொயிட் ஓமோனுக்குக் கேளாத ஒரு குடும்பம் பதிவானது. அங்கே வாங்கி கலத்தின் கருவுக்குள் இருக்கிறது, இன்சுலினைப்போல வெளியே இல்லை. உள்ளேயோ வெளியேயோ, "கேளாமை" இரண்டுக்கும் ஒத்துவருகிறது.

பரிசோதனை அறிக்கை வாசிக்கவும் இது உதவும். குறைவு என்றால் ஓமோன் அளவு தாழ்ந்திருக்கும். கேளாமை என்றால் ஓமோன் உயர்ந்திருக்கும், ஆனால் உடம்பு அது இல்லாததுபோல் நடக்கும். ஏன் உயர்கிறது? பின்னூட்டல். விளைவு போதவில்லை என்று தெரிந்தால் சுரப்பி இன்னும் சுரக்கும். இன்சுலினில் இதுதான் பெரிய ஏமாற்று. கலம் மங்கத் தொடங்கியதும் சதையி இரட்டிப்பாகச் சுரந்து சமாளிக்கிறது; வெறும்வயிற்றுச் சீனி (மி.கி./டெ.லீ. கணக்கில்) 100க்குக் கீழே அழகாக நிற்கும், ஆண்டுக்கணக்கில். பீற்றாக் கலங்கள் களைத்து விழத் தொடங்கும்போதுதான் 110, 118 என்று ஏறி ஒருநாள் 126ஐத் தாண்டும். அன்றைக்குத்தான் வருத்தம் வந்தது என்று நாம் நினைக்கிறோம்.

இடையில் உடம்பு காட்டும் அடையாளம் ஒன்று இருக்கிறது, பிரசுரத்தில் கட்டாயம் படத்தோடு போட வேண்டும். பிடரியிலும் கமக்கட்டிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்து வரும். மிஞ்சி ஓடும் இன்சுலின் தோல் கலங்களைத் தூண்டுவதால் வருவது. நம் வீடுகளில் இதற்குப் பெயர் ஊத்தை. "ஒழுங்காக் குளிக்கிறேல்லை" என்று பேச்சு விழும். தேசிக்காயும் பயத்தம்மாவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பிள்ளையின் கழுத்து சிவந்துபோய் வரும், பூசக் கிறீம் கேட்டு. கறுப்பு மட்டும் போகாது. பதினாறு பதினேழு வயதுப் பெண்பிள்ளை, மாதவிலக்கும் ஒழுங்கில்லை, நாடியில் மயிர் என்றால், அநேகமாகச் சூலகத்திலும் இதே கதை நடக்கிறது: கூடிய இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோன்களைக் கூட்டுகிறது. கிறீமை விற்றுவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வருவதில்லை, தாயைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லித்தான் அனுப்புவேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

"எதிர்ப்பு" ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் கர்ப்பிணிகள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் சூல்வித்தகத்தின் (நச்சுக்கொடியின்) ஓமோன்கள் தாயின் கலங்களை வேண்டுமென்றே இன்சுலினுக்குக் கேளாமல் ஆக்குகின்றன, சீனி தாயில் தங்காமல் பிள்ளைக்குப் போகட்டும் என்று. இயற்கையான ஏற்பாடு. தாயின் சதையி ஈடுகொடுக்க முடியாதபோதுதான் அது கர்ப்பகால நீரிழிவாகிறது. 24இலிருந்து 28 கிழமைக்குள் குளுக்கோசு குடிக்கவைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். இதில் யார் யாரை எதிர்க்கிறார்கள்?

கருத்துச் சொல்லுங்கள். பிரசுரம் அச்சுக்குப் போக இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து,
மருந்தாளர்

---

தங்கச்சிக்கு வணக்கம்.

"தடை" என்று எழுதியவன் நான்தான். பாமசி வாசலில் சனம் நிற்கும் என்றதை வாசித்துச் சிரித்துவிட்டேன், போகட்டும். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பித்த பழக்கத்தில் சில கேள்விகள்.

ஒன்று. "இன்சுலினுக்குக் கேளாமை" என்று நீங்கள் நீட்டி எழுதுவீர்கள். அடுத்த மாதம் ஒரு பத்திரிகைக்காரர் அதை "இன்சுலின் கேளாமை" என்று சுருக்குவார். வேற்றுமை உருபை விழுங்குவது தமிழின் பிறவிக்குணம். சுருக்கியதும் பொருள் தலைகீழ். இன்சுலின் கேட்கவில்லை என்றால் "எனக்கு இன்சுலின் வேண்டும் என்று கேட்கவில்லை" என்றாகும். ஊசிக்குப் பயந்து இன்சுலின் வேண்டாம் என்கிற நோயாளிகள் உங்கள் கிளினிக்கில் நிறையப்பேர் இருப்பார்களே? அவர்களைப் பற்றி எழுதியதாக ஆகிவிடும்.

இரண்டு. "மருந்துக்குக் கேக்குதில்லை" என்று சனம் எல்லாவற்றுக்கும் சொல்லும். என் மனைவிக்குத் தைரொக்சின் (தைரொயிட் ஓமோன் குளிசை) கொடுத்து மாதக்கணக்காக டி.எஸ்.எச் (தைரொயிட் சோர்ந்தால் குருதியில் ஏறும் ஓமோன்) இறங்கவில்லை. "உடம்பு குளிசைக்குக் கேக்குதில்லை" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். பார்த்தால், விடிய எழும்பினவுடன் பால் தேத்தண்ணியோடு அதை விழுங்கிவிட்டு, கையோடு கல்சியம் குளிசையும் போட்டுக்கொண்டிருக்கிறார். மருந்து குடலைத் தாண்டவே இல்லை. வெறும் தண்ணீரோடு, தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, கல்சியத்தை நாலு மணித்தியாலம் தள்ளி என்று வைத்தியர் மாற்றியபின் அடுத்த ரிப்போட்டிலேயே இறங்கியது. இதைக் கேளாமை என்பீர்களா?

மூன்று, இது கேள்வி இல்லை. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த வைத்தியர் கிறீன் 1884இல் காலமானார். ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் ஸ்டார்லிங் லண்டனில் ஓமோன் என்ற சொல்லை முதன்முதல் மேடையில் சொன்னது 1905இல். நாற்பது வருடம் பிந்திப் பிறந்திருந்தால் கிறீன் இதற்கு என்ன சொல் வைத்திருப்பார் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை.

யாழ்ப்பாணம்

---

இரண்டு வரி மட்டும். எங்கள் மதுரைப் பக்கமும் "எந்த மருந்துக்கும் கேட்க மாட்டேங்குது" என்றுதான் சொல்வார்கள். ஆகவே இது ஈழத்து வழக்கு மட்டும் என்று தமிழகத்தார் தள்ளிவைக்க முடியாது. "எதிர்ப்பு" என்று நான் எழுதியது பழக்கத்தால். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை.

ஆனால் இதன் மறுபக்கத்துக்கும் சொல் வேண்டுமே? நடைப்பயிற்சியால் கூடுவதை என்னவென்று எழுதுவீர்கள்? "கேள்திறன்" சரிவருமா?

சென்னை

---

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி.

ஐயா, சுருக்கம் பற்றி நீங்கள் சொன்னது முக்கியமானது. அதனால் "க்கு"வைச் சொல்லின் உறுப்பாகவே வைப்போம். தலைச்சொல்லில், அட்டவணையில், படத்தின் கீழே, எங்கும் அதைக் கழற்றக்கூடாது. பத்திரிகைக்காரர் சுருக்கினால் என்ன செய்வது என்று கேட்டால், "இன்சுலின் எதிர்ப்பு" எழுதி ஏற்படும் குழப்பத்தைவிட அது சிறியது என்பேன். "இன்சுலின் கேளாமை அதிகரித்துள்ளது" என்று வாசிப்பவர் குழம்பி யாரிடமாவது விளக்கம் கேட்பார். "எதிர்ப்பு அதிகரித்துள்ளது" என்று வாசிப்பவர் கேட்க மாட்டார், விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

உங்கள் வீட்டுத் தைரொக்சின் கதை நல்ல எல்லைக்கல். அது கேளாமை இல்லை, மருந்து கிடையாமை. ஓமோன் குருதிக்கு வந்து, கலம்வரை போய்ச் சேர்ந்த பிறகும் வேலை நடக்காவிட்டால் மட்டுமே கேளாமை என்று வரையறையில் எழுதிவிடுகிறேன். தைரொயிட் ஓமோனுக்கு உண்மையிலேயே கேளாதவர்கள் மிக அரிது. குளிசை வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பால் தேத்தண்ணிக்காரர்கள், அல்லது குளிசையை நாள் விட்டு நாள் மறக்கிறவர்கள்.

இந்த வரையறைக்கு வலுச் சேர்க்க வெளியில் நடந்த ஒரு பெயர்மாற்றத்தையும் சொல்ல வேண்டும். சீனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நீரிழிவு இருக்கிறதல்லவா, தாகமும் சிறுநீரும் அளவில்லாமல் போவது? வெல்லமில்லா நீரிழிவு என்று எழுதிவந்தோம். அதில் இரண்டு விதம்: மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஓமோன் வராமல் போவது ஒன்று, வந்தும் சிறுநீரகம் அதற்குக் கேளாமல் போவது மற்றது. (நீண்டகாலம் லிதியம் எடுப்பவர்களுக்கு இரண்டாவது வரலாம்.) பெயரில் நீரிழிவு என்று இருப்பதால் வைத்தியசாலைகளிலேயே இதைச் சீனி வருத்தமாக நினைத்து, கட்டாயம் கொடுக்க வேண்டிய ஓமோன் மருந்தைக் கொடுக்காமல் விட்ட சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன, உயிரும் போயிருக்கிறது. ஆகவே 2022இல் பல நாட்டு அகஞ்சுரப்பியியல் அமைப்புகள் கூடி, பழைய பெயரை விட்டுவிட்டு "வாசோபிரெசின் குறைவு", "வாசோபிரெசினுக்குக் கேளாமை" என்ற பொருள்படும் பெயர்களை முன்வைத்தன. நூற்றாண்டுகள் பழகிய பெயரையே நோயாளியின் பாதுகாப்புக்காக மாற்றலாம் என்றால், பத்திரிகையில் நேற்றுப் பழகிய "எதிர்ப்பை" மாற்ற நமக்கு ஏன் தயக்கம்?

அக்கா, "கேள்திறன்" காதுப் பரிசோதனைபோல் ஒலிக்கிறது. அதற்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருக்கும் இடத்தில் எல்லாம் நமக்கும் ஒன்று வேண்டும் என்பதில்லையே, வினையை வினையாகவே விடலாம்: "நடந்தால் கலங்கள் இன்சுலினுக்கு நன்றாகக் கேட்கும்." ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்களுக்கு வேண்டுமானால் "கேட்கும் அளவு" என்று வைத்துக்கொள்ளட்டும்.

பிரசுரத்துக்கு எழுதிய பந்தியைக் கீழே தருகிறேன். சொல் உண்மையில் உழைக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்:

"நாம் சாப்பிட்டதும் குருதியில் சீனி கூடும். சதையி இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் சொன்னபடி தசை சீனியை உள்ளே எடுக்கும், ஈரல் சீனி விடுவதைக் குறைக்கும். சிலருடைய தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கேட்பதில்லை. இதற்குப் பெயர் இன்சுலினுக்குக் கேளாமை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புக் கூடியவர்களுக்கும், குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேலே போனால் கவனியுங்கள். சீனி அளவு சரியாக இருக்கும் காலத்திலேயே கேளாமை தொடங்கியிருக்கலாம். பிடரி கறுத்தால் தேய்க்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். தினமும் நடவுங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் சொல்லாமலே அது சீனியை உள்ளே எடுக்கும்."

கடைசி வரி பலருக்குப் புதிதாக இருக்கலாம். குளுட்-4ஐ மேலே கொண்டுவர இன்சுலின் ஒரு வழி, தசைச் சுருக்கம் இன்னொரு வழி. இரண்டாவது வழி கேளாமை உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. பின்னேரம் மரைன் டிரைவில் காதில் வயரைச் செருகிக்கொண்டு வேகமாக நடக்கிற அங்கிள்மாருக்கு இதைச் சொன்னால் இன்னும் ஒரு சுற்றுப் போவார்கள். சாப்பிட்ட கையோடு கொஞ்சம் நடப்பது இன்னும் நல்லது, சீனி ஏறுகிற நேரமே அதுதானே.

மட்டக்களப்பு நண்பரும் டொரன்டோ நண்பரும் இன்னும் வாய் திறக்கவில்லை. "ஏற்பின்மை"யை வாங்கியே பழுதான நோய்களுக்கு ஒதுக்குவதில் மட்டக்களப்பு நண்பருக்குச் சம்மதமா என்று தெரிந்தால் நல்லது. மாதவிலக்கும் சூலகமும் சம்பந்தப்பட்ட சொற்கள் வேறு ஒரு பிரசுரத்துக்கு வேண்டும். "சினைப்பை நீர்க்கட்டி" என்று தமிழகத்தில் எழுதுகிறார்கள். இங்கே "கட்டி" என்றதும் தாய்மார் புற்றுநோய் என்று அழத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே இருப்பது உண்மையில் கட்டியும் இல்லை, முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் புடைப்புகள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இதில் கலக்க வேண்டாம்.

வெள்ளவத்தை